படுக்க இடம் கிடைத்தவர்கள் படித்தார்கள்

திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது 1994ஆம் ஆண்டு. பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று சொன்னதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. அடுத்த மூச்சிலேயே, "சரிப்பா, தங்கறது எங்க?" என்று கேட்டார். படிப்புக் கட்டணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். கைமாற்று வாங்கியாவது கட்டிவிடலாம். மூன்று ஆண்டு எங்கே படுப்பது, எங்கே சாப்பிடுவது என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததால்தான் நான் பட்டதாரி ஆனேன். பதில் கிடைக்காத என் வகுப்புத் தோழர்கள் பலர் பாதியில் நின்றார்கள். இப்போது விழுப்புரத்தில் ஆசிரியராக இருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் அதே கேள்வியோடு பெற்றோர் வருகிறார்கள். சிறு நகரத்து அரசுக் கல்லூரிக்கு வகுப்பறை பாதி, விடுதி மறுபாதி என்பது என் வாழ்க்கை எனக்குக் காட்டிய உண்மை. அந்த மறுபாதியைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒரு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. 1993 செப்டம்பர் 30இல்தான் பழைய தென்னார்க்காட்டைப் பிரித்து அதை உருவாக்கினார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். அதுவரைக்கும் மேற்கே கல்வராயன் மலையிலிருந்து கிழக்கே மரக்காணம் உப்பளம் வரை எல்லாம் ஒரே மாவட்டம். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி என்று இரண்டு பெயர்களைத்தான் எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். கோவிந்தசாமி, அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சராக இருந்தவர். இந்த மண்ணைச் சேர்ந்தவர். அவர் பெயரில் 1969இல் வந்த கல்லூரி, மானாவாரி நிலத்துப் பிள்ளைகளுக்குத் திறந்த வாசல். பட்டம் மட்டும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும்.

எங்கள் ஊர் செஞ்சிக்கும் மேற்கே, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தின் டவுன் பஸ் காலையில் ஒரு நடை வரும், மாலையில் ஒரு நடை வரும். காலை நடை வருவதற்குள் கல்லூரியில் முதல் மணி அடித்திருக்கும். மாலை நடையைப் பிடிக்க வேண்டுமானால் கடைசி வகுப்பை விட்டுவிட்டு ஓட வேண்டும். ஊரிலிருந்தே போய்வருவது என்ற பேச்சுக்கு அதோடு முற்றுப்புள்ளி.

அடுத்த வழி, திண்டிவனத்தில் ரூம் எடுப்பது. அப்பாவும் நானும் ஒரு நாள் முழுக்கத் தெருத்தெருவாக அலைந்தோம். ஓட்டு வீட்டின் பின்கட்டில் ஓர் அறைக்கு மாதம் 300 ரூபாய் கேட்டார்கள். மூன்று மாத வாடகை அட்வான்ஸ். மெஸ்ஸில் சாப்பிட்டால் அதற்கு மேல் ஒரு தொகை. அப்பாவுக்கு அன்றைக்கு நாள் கூலி 40 ரூபாய். அதுவும் மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பும் அறுவடையும் இருக்கிற மாதங்களில்தான். காசைவிடக் கனமான இன்னொன்றையும் அன்று சந்தித்தோம். வாடகை பேசுவதற்கு முன்பே, "ஊரா, காலனியா?" என்று சில வீடுகளில் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு விளக்கம் வேண்டியதில்லை. கேட்ட இடத்திலேயே அப்பா திரும்பி நடந்தார். பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது, "கவுருமெண்டு ஆஸ்டலுக்கு எழுதிப் போடு. அங்க எவனும் இத கேக்க மாட்டான்" என்றார்.

அரசு விடுதி விண்ணப்பம் ஒற்றைத் தாள்தான். அதோடு இணைக்க வேண்டியவற்றுக்குத்தான் நாள் பிடித்தது. கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுக்க வேண்டும், வருவாய் ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு தாலுகா ஆபீஸில் வருமானச் சான்று. சாதிச் சான்றின் நகலில் அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையொப்பமிட வேண்டும். படிக்காத பெற்றோருக்கு இந்த ஒவ்வொரு படியும் ஒரு நாள் கூலி. எங்கள் ஊரில் அஞ்சல் அட்டை எழுதிக் கொடுக்கிற ஓர் ஆசிரியர் இருந்தார். அந்தத் தாளை எனக்காக நிரப்பியவர் அவர்தான்.

தூர விதி ஒன்று அன்றும் உண்டு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் இன்று அந்த அளவு 8 கிலோமீட்டர்: வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே அதைவிடக் கூடுதல் தூரம் இருந்தால்தான் மாணவர்களுக்கு இடம். எனக்கு அது தடையாக இல்லை. என்னோடு வகுப்பில் உட்கார்ந்த ஒருவனுக்குத் தடையானது. அவன் வீடு அந்த எல்லைக்குச் சற்று உள்ளே இருந்தது. ஒற்றை அறைக் கூரை வீடு, அதில் ஏழு பேர், மின்சாரம் கிடையாது. சைக்கிளில் வந்து போனான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிப் பாதை முழுகியதும் வருவது குறைந்தது. இரண்டாம் ஆண்டு அவன் பெயரை வருகைப் பதிவேட்டில் அடித்துவிட்டார்கள். விதி சாலையை அளந்தது. அந்த வீட்டை அளக்கவில்லை. வகுப்பில் எங்களைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறவன் அவன். அந்த இழப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

விடுதி இருந்தது ஒரு வாடகைக் கட்டடம். குடியிருக்கக் கட்டிய பழைய வீடு. நடுவில் ஒரு கூடம், பின்னால் சமையற்கட்டு, கொல்லையில் கிணறு. கூடத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர். செஞ்சிக்காரன், மரக்காணத்தான், வளவனூரான் என்று ஊர்ப் பெயர்தான் எல்லோருக்கும் கூப்பிடு பெயர். எங்களில் ஒருவனுடைய அப்பா கொத்தனார். முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரும்போது அவருடைய டேப்பைக் கையோடு கொண்டுவந்தான். பெட்டி வைக்கிற இடத்துக்காகத் தினமும் நடந்த சண்டையை நியாயமாகத் தீர்க்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருடைய பெட்டி படுக்கையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கூடத்தை அளந்தோம். நீளம் 20 அடி, அகலம் 12 அடி. 240 சதுர அடியைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்கு 20. ஒரு பாய் விரிக்க ஆறுக்கு இரண்டரை, 15 சதுர அடி. தகரப் பெட்டிக்கு ஏறக்குறைய நான்கு. மிச்சம் ஒரே ஒரு சதுர அடி. அதில்தான் புத்தகம், தட்டு, டம்ளர், செருப்பு எல்லாம். கொத்தனார் மகன் சாக்பீஸால் பன்னிரண்டு கட்டம் போட்டான். ஒவ்வொரு கட்டத்திலும் அவரவர் ஊர்ப் பெயரை எழுதினான். கோடு நேராக வர வேண்டும் என்பதற்காக நூல் பிடித்துப் போட்டான். முட்டி போட்டு அவன் அந்தக் கோடுகளை இழுத்ததும், நாங்கள் மூச்சுப் பேச்சில்லாமல் சுற்றி நின்றதும் அப்படியே நினைவில் நிற்கின்றன. தனக்கென்று ஓர் இடம், அதில் தன் ஊரின் பெயர் என்பதை எங்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

ஐப்பசி மழையில் கூடத்தின் ஒரு மூலை ஒழுகியது. அங்கே படுத்திருந்த மூவரும் நடுவே வந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் ஒடுங்கினார்கள். கட்டங்கள் கலைந்தன. மழை விட்ட பிறகும் யாரும் மறுபடி கோடு போடவில்லை. அதற்குள் நாங்கள் எங்களுக்குள் வேறு விதிகள் செய்துகொண்டிருந்தோம். ஃபேனுக்கு அடியில் படுக்கும் முறை வாரத்துக்கு ஒருவருக்கு. தேர்வு இருப்பவனுக்கு விளக்குக்கு நேர் கீழே இடம். காய்ச்சல்காரனுக்குச் சுவரோரம். விடிகாலையில் எழுகிறவன் அடுத்தவனை மிதிக்காமல் போக வாசல் பக்கம். யாரும் எழுதி வைக்காத இந்த விதிகளை மூன்றாண்டில் ஒருவரும் மீறவில்லை.

பின்னாளில்தான் ஒரு செய்தி எனக்குத் தெரிந்தது. நம் நாட்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, கல்வி நிலையத்தைச் சேர்ந்த விடுதியில் ஒருவர் தங்கும் அறைக்குக் குறைந்தபட்ச அளவாக 7.5 சதுர மீட்டர் சொல்கிறது. ஏறத்தாழ 80 சதுர அடி. அந்த 80 சதுர அடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். பலர் தங்கும் கூடத்துக்கும் தனி அறைக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாதுதான். ஆனாலும் ஒரு மாணவன் உட்கார்ந்து படிக்க, கால் நீட்டிப் படுக்க, நான்கு புத்தகம் வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு நாடு யோசித்து எழுதி வைத்த எண் அது. அந்த எண்ணுக்கும் எங்கள் கூடத்துக்கும் இருந்த தொலைவை அன்றைக்கு அறிந்திருந்தால், பெட்டிக்காக ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டியிருக்க மாட்டோம். சேர்ந்து போய்க் கேட்டிருப்போம்.

இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பது விதி. பருவத் தேர்வு நெருங்கும்போது எங்களில் சிலர் ரயில் நிலையத்துக்குப் போய்விடுவோம். எழும்பூருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே திண்டிவனத்தில் நிற்காமல் போகும் வண்டிகள்தான் இரவில் அதிகம். அவை போன பிறகு நடைமேடை அமைதியாகிவிடும். சிமெண்ட் பெஞ்சுக்கு மேலே ஒரு குழல் விளக்கு. இந்திய வரலாற்றில் பாதியை நான் அந்த வெளிச்சத்தில்தான் படித்தேன். பணியில் இருந்தவர்கள் எங்களை ஒருபோதும் விரட்டவில்லை. நள்ளிரவில் அவர்கள் குடிக்கும் டீயில் எங்களுக்கும் பங்கு கிடைத்த இரவுகள் உண்டு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விடுதியைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. காலையில் உப்புமா அல்லது பொங்கல், மதியம் சோறும் சாம்பாரும், இரவு சோறும் ரசமும் மோரும். வாரத்தில் ஒருநாள் முட்டை. சாம்பாரில் காய் அகப்படுவது அவரவர் அதிர்ஷ்டம். ஆனால் சோறு ஒருநாளும் குறைந்ததில்லை. சமையல்காரரை அண்ணே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மல்லாட்டைப் பருவத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை ஏற்ற ஆள் வேண்டும். கல்லூரி விட்டதும் நாங்கள் சிலர் அங்கே போவோம். திரும்பி வரும்போது பந்தி முடிந்து பாத்திரம் கழுவியிருப்பார்கள். அண்ணன் எங்கள் தட்டுகளில் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார். "மொதல்ல சாப்ட்டுட்டு அப்பறம் படி தம்பி. வயிறு காஞ்சா எழுத்து ஏறாது" என்பார். ரசம் ஆறியிருந்தால் மறுபடி அடுப்பு மூட்டிச் சூடாக்கித் தருவார். நேரம் தவறினால் சாப்பாடு கிடையாது என்பது பலகையில் எழுதியிருந்த விதி. அந்த விதியை அவர் தினமும் மீறினார். அந்த மீறலில் படித்து முடித்தவர்கள் நாங்கள்.

இன்று கணக்கு வேறு. 2023இல் தமிழ்நாடு அரசு நல விடுதிகளின் உணவுப் படியை உயர்த்தியது. கல்லூரி மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்தது 1,500 ஆனது. பள்ளி மாணவருக்கு 1,000 ரூபாயாக இருந்தது 1,400 ஆனது. நல்ல உயர்வுதான், வரவேற்க வேண்டியது. ஆனாலும் 1,500 ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்குப் பதினாறு, பதினேழு ரூபாய். விழுப்புரம் பஸ் நிலையத்தில் இரண்டு டீ குடித்தால் அந்தக் காசு தீர்ந்துவிடும். தக்காளி விலை ஏறும் மாதத்தில் முதலில் காணாமல் போவது சாம்பாரில் இருக்கும் காய்தான். விலைவாசியோடு சேர்ந்து இந்தப் படியும் ஆண்டுதோறும் தானாக உயர வேண்டும். அரசு ஊழியரின் அகவிலைப்படிக்கு இருக்கிற நியாயம் வளரும் பிள்ளையின் சோற்றுக்கும் இருக்கிறது.

விடுதி எனக்குத் தந்ததில் பெரியது பந்தி. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் 85 விழுக்காடு இடம் ஆதிதிராவிட, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு. மீதி 15 விழுக்காடு மற்றவர்களுக்கு. மற்ற நல விடுதிகளிலும் இப்படிக் கலந்து சேர்க்க வழி உண்டு. காகிதத்தில் இது ஒரு சிறிய எண். எங்கள் மாவட்டத்தில் சிறியதல்ல. 1978இல் விழுப்புரம் நகரில் நடந்த சாதிக் கலவரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து கேட்டிருந்தோம். ஊரில் ஒரே டீக்கடையில் ஒன்றாக உட்காராத வீடுகளின் பிள்ளைகள் இங்கே ஒரே வரிசையில் தட்டை ஏந்தி நின்றோம். ஒருவர் பாயில் ஒருவர் உறங்கினோம். முதல் மாதம் சிலருக்கு அது கடினமாக இருந்தது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மரக்காணத்தான் என் வீட்டுக்கு வந்தான். அம்மா அவனுக்கும் எனக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறினாள். அவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று அவள் கேட்கவில்லை. பாடப் புத்தகம் இதைச் செய்திருக்காது.

விடுதியும் பந்தியும் இப்படி முக்கியமானதற்கு எங்கள் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. 1890இல் ஆரணிப் பக்கம் பிறந்த முனுசாமி என்ற தலித் சிறுவன் திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தான். மதம் மாறச் சொன்னபோது மறுத்ததால் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் சுவாமி சகஜானந்தர். 1916இல் அவர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் அமைத்தார். தங்கும் இடத்தை நிபந்தனையாக்கினால் என்ன ஆகும் என்பதைச் சிறு வயதிலேயே அனுபவித்தவர் அவர். பள்ளியும் விடுதியும் ஒன்றையொன்று பிரிந்தால் ஏழைக்குப் பயனில்லை என்று அவர் அறிந்திருந்தார். 1925இல் சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துப் பந்தியைப் பிரித்ததற்காக எழுந்த எதிர்ப்பு தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. மாணவர்கள் எங்கே உண்கிறார்கள், யாரோடு உண்கிறார்கள் என்பது நம் நாட்டில் ஒருபோதும் சின்ன விஷயமாக இருந்ததில்லை.

ஒரு குறை எங்கள் நாளிலிருந்தே உறுத்தியது. விடுதியின் பெயர்ப்பலகை உள்ளே இருப்பவர்களின் சாதியைத் தெருவுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. முகவரி எழுதும்போது நண்பர்கள் சிலர் விடுதிப் பெயரை விட்டுவிட்டுத் தெருப் பெயரை மட்டும் எழுதுவார்கள். நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கல்வி நிலையங்களின் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கச் சொன்னது. 2025 ஜூலையில் அரசின் நல விடுதிகள் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது முகவரி மறைத்த என் நண்பர்களை நினைத்துக்கொண்டேன். செய்ய வேண்டிய காரியம். காலம் தாழ்ந்தாலும் செய்தார்கள். பலகை மாறிவிட்டது. இனி பலகைக்குப் பின்னால் இருக்கும் சதுர அடியும் மாற வேண்டும்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் கூர்மையானது. என் தங்கை விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். 8 கிலோமீட்டர் தூர விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. இந்த விதிகளை எழுதியவர்களில் யாரோ ஒருவருக்குத் தாய் மனம் இருந்திருக்கிறது என்று அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பேன். ஆனால் உள்ளே போன பிறகு வேறு விதிகள். மாலை ஆறு மணிக்குக் கேட் பூட்டிவிடுவார்கள். நூலகம் அதற்குப் பிறகும் திறந்திருக்கும். "அண்ணா, நீங்க ஸ்டேஷன்ல உக்காந்து படிச்சீங்க. நாங்க எங்க போறது?" என்று ஒருமுறை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கேரளத்தில் ஒரு மாணவி விடுதி விதி பற்றிய கேள்வியை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார். கோழிக்கோடு அருகே சேளன்னூரில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. அதற்கு உடன்படாத ஃபஹீமா ஷிரின் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் தனிமை உரிமையோடும் சேர்ந்தது என்றது. விடுதி விதி என்பது காப்பாளரின் விருப்பம் அல்ல, அதற்கும் அரசமைப்புச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தெருவிளக்கும், மாலை நேரப் பஸ்ஸும், இரவுக் காவலரும் தருவதுதான் பாதுகாப்பு. பூட்டைப் போட்டுவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது.

இப்போது எங்கள் பக்கம் கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள், முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி, விழுப்புரத்தில் சட்டக் கல்லூரியும் மகளிர் கல்லூரியும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா விடுதிக்குப் பத்து மாடியில் புதிய கட்டடம் 2025 ஏப்ரலில் திறந்தார்கள். கட்டிலும் அலமாரியும் மேசையும் உள்ள அறைகளை அரசால் கட்ட முடியும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. தலைநகரத்தில் முடிந்தது திண்டிவனத்திலும் முடியும்.

கட்டில் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு 2024 நவம்பர் கடைசி நாளை நினைவுபடுத்துகிறேன். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. தரையில் படுத்து, தரையில் பெட்டி வைத்திருந்த என் மாணவன் ஒருவன் சான்றிதழ்களையெல்லாம் ஈரத்தாளாகக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அவன் பெயர் இருந்த வரி கரைந்திருந்தது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகை இருந்திருந்தால் அந்தத் தாள் தப்பியிருக்கும்.

அமெரிக்காவில் சிறு கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டு மாணவர்கள் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அறையின் நீள அகலம், அதில் எத்தனை பேர், என்னென்ன மரச்சாமான், சாப்பாட்டோடு ஆண்டுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் சேர்க்கைக்கு முன்பே வெளியிடுகிறார்கள். அங்கே செலவு மிகுதி. அந்த ஏற்பாட்டை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சேர்வதற்கு முன்பே சொல்லிவிடும் அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும். எந்த விடுதியில் எத்தனை இடம், தலைக்கு எத்தனை சதுர அடி, எத்தனை கழிப்பறை, காப்பாளர் இரவில் தங்குகிறாரா என்பதைக் கல்லூரி விண்ணப்பத்தோடு சேர்த்து அச்சிட்டுக் கொடுத்தால் பெற்றோருக்குப் பாதிக் கவலை தீரும். அச்சிட்டுக் கொடுத்த எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்கவும் முடியும்.

நான் கேட்பது சில காரியங்கள்தான். ஒரு மாணவருக்கு இவ்வளவு சதுர அடி என்று அரசு ஓர் அளவை நிர்ணயித்து அதைக் காப்பாற்ற வேண்டும். உணவுப் படி ஆண்டுதோறும் விலைவாசியைப் பார்த்து உயர வேண்டும். தூரத்தை அளக்கும்போது வீட்டின் நிலையையும் பார்த்து விலக்குத் தரும் அதிகாரம் மாவட்ட அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் இரவு முழுக்க விளக்கு எரியும் ஒரு படிப்பறை வேண்டும். விடுதிகளை மூடும் நாளைத் தேர்வு அட்டவணையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அரியர் எழுத வரும் பிள்ளை பஸ் நிலையத்தில் படுக்கக் கூடாது.

வாசகர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. அரசு நல விடுதிகளில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு கிடையாது. முகாம்வாழ் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கும் தனியே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருக்கும் பல குடும்பங்களுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. விண்ணப்பம் வாங்கும் மாதங்கள் ஜூனும் ஜூலையும். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கேள்விப்பட்டால், வாழ்த்துச் சொல்வதோடு நிற்காமல், எங்கே தங்கப் போகிறாய் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு அவர்களோடு தாலுகா அலுவலகம் வரை போய்வாருங்கள், அந்த விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். எனக்கு ஒருவர் நிரப்பிக் கொடுத்தார், அதனால் படித்தேன்.